மறுபடியும் கேட்கும் வினா மாறாமல் இருக்கிறதா? தேர்வு நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

போன முறை தேர்வின் சராசரி 54. இந்த முறை 60. மாணவர்கள் முன்னேறியிருக்கிறார்களா, இல்லை வினாத்தாள் எளிதாகிவிட்டதா? வெறும் மதிப்பெண்ணைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு தாளிலும் பொதுவாகச் சில வினாக்கள் இருந்து, அவை இரண்டு முறையும் ஒரே கடினத்தோடு இருந்தன என்று காட்ட முடிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் பொது வினாக்களே மாறிப்போயிருந்தால், அவற்றை வைத்துச் செய்யும் ஒப்பீடு, தேர்ச்சிக் கோடு, தர வரிசை எல்லாமே தவறாகும். கோட்டுக்கு ஒரு மதிப்பெண் மேலேயும் கீழேயும் நிற்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயம்.

மறுபடியும் கேட்கும் வினா, காலப்போக்கில் தன் கடினத்திலிருந்து விலகிப் போவதை அளவீட்டுத் துறையில் ஐட்டம் பாராமீட்டர் டிரிஃப்ட் என்பார்கள். இங்கே சுருக்கமாக நழுவல் என்று வைத்துக்கொள்வோம். நழுவலைத் தடுப்பது எப்படி, கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். கணக்கை மென்பொருள் போட்டுத் தந்துவிடும். ஆனால் தேர்வுக்கு முன் எழுதி வைத்த குறிப்புகள் இல்லையென்றால், கணக்கு காட்டும் எண்ணுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, தேர்வு நாளுக்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

படி 1: எது மாறக் கூடாது என்று முதலில் தெளிவாகுங்கள்

ஒரு வினாவுக்கு எத்தனை பேர் சரியாக விடையளித்தார்கள் என்ற விகிதத்தைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். போன முறை 0.55, இந்த முறை 0.59 என்றால், "வினா எளிதாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கெட்டிக்காரக் குழு வந்தால் எல்லா வினாக்களின் விகிதமும் ஏறத்தான் செய்யும். அது நழுவல் அல்ல. மற்ற பொது வினாக்கள் நகர்ந்த அளவுக்கு இதுவும் நகர்ந்திருந்தால் வினா நன்றாகவே இருக்கிறது. மற்றவை ஒரு பக்கம் போக இது மட்டும் வேறு பக்கம் போயிருந்தால்தான் சிக்கல். ஆக, ஒரு வினாவைப் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடக் கூடாது. கூட இருக்கும் வினாக்களோடு சேர்த்து ஒப்பிட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

ஒருவர் ஒரு வினாவுக்குச் சரியாக விடையளிக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் கணித மாதிரிகள் உண்டு. 1960-இல் டென்மார்க் கணிதவியலாளர் ராஷ் தந்த மாதிரியில் ஒவ்வொரு வினாவுக்கும் கடினநிலை என்ற ஒரே ஒரு எண்தான். பிறகு வந்த மாதிரிகள், திறமையானவரையும் திறமை குறைந்தவரையும் வினா எவ்வளவு வேறுபடுத்துகிறது என்பதையும், குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பையும் சேர்த்துக்கொண்டன. எந்த மாதிரியைப் பயன்படுத்தினாலும், இந்த எண்கள் குழுவைச் சாராமல் நிற்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

படி 2: ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு பதிவு அட்டை

விரிதாள் போதும். வினாவின் அடையாள எண், எழுத்து மாறாத முழு வடிவம், படம் இருந்தால் அந்தக் கோப்பு, சரியான விடை, பாடப்பகுதி ஆகியவை இருக்க வேண்டும். அதோடு எந்தெந்தத் தேர்வில் எத்தனையாவது வினாவாக வந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன வினாக்கள் இருந்தன, எத்தனை பேர் எழுதினார்கள், ஒவ்வொரு விடை விருப்பத்தையும் எத்தனை சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள், கணினித் தேர்வென்றால் விடையளிக்க எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதும் வேண்டும். "முன்னும் பின்னும்" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வினாவில் இதன் விடைக்கான குறிப்பு ஒளிந்திருந்தால் கடினம் சட்டென்று குறைந்துவிடும். அட்டையில் இல்லையென்றால், அது எப்படி நடந்தது என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு காற்புள்ளி மாறினாலும் அதைப் புதிய வினாவாகவே பதிவு செய்யுங்கள். இதைக் கறாராகக் கடைப்பிடிப்பது நல்லது. "சின்னத் திருத்தம்தானே" என்று செய்தது எது, செய்யாதது எது என்பது இரண்டு ஆண்டு கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

படி 3: தொடக்க எண்ணே உறுதியாக இருக்க வேண்டும்

முதல் மதிப்பீடு தள்ளாடினால், பிறகு வரும் மாற்றம் நழுவலா, தற்செயலா என்று பிரிக்கவே முடியாது. 100 பேர் எழுதிய தேர்வில் விகிதம் 0.50 என்றால் அதன் திட்டப்பிழை (தற்செயலால் மட்டுமே வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவு) 0.05. இரண்டு தேர்விலும் 100 பேர் என்றால் வித்தியாசத்தின் திட்டப்பிழை சுமார் 0.07. அதாவது 0.50 என்பது 0.60 ஆனாலும், வெறும் தற்செயல் என்று சொல்லிவிடலாம். 400 பேர் என்றால் வித்தியாசத்தின் திட்டப்பிழை 0.035 ஆகக் குறையும். ராஷ் மாதிரிக்குச் சில நூறு பேர், வேறுபடுத்தும் திறனையும் மதிப்பிட 500 பேர் அளவுக்கு, யூக வாய்ப்பையும் சேர்த்தால் 1000-க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

புதிய வினாக்களை முன்னோட்டம் பார்க்க நல்ல வழி, உண்மையான தேர்வுக்குள்ளேயே மதிப்பெண் சேராத வினாக்களாகக் கலந்து வைப்பது. தனியாக மாதிரித் தேர்வு வைத்தால் மாணவர்கள் உயிரைக் கொடுத்து எழுத மாட்டார்கள். அங்கே கிடைக்கும் கடினநிலை உண்மைத் தேர்வில் நிற்காது.

படி 4: ஆங்கர் வினாக்களைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு தேர்வுகளையும் இணைக்கும் பொது வினாக்களை ஆங்கர் வினாக்கள் என்கிறோம். தாளில் குறைந்தது 20 சதவீதம், மிக நீளமான தாள் என்றால் 30 வினாக்கள்கூடப் போதும் என்பது துறையில் நிலைத்துவிட்ட அளவு. எண்ணிக்கையைவிட முக்கியம், அவை முழுத் தாளின் சின்ன உருவமாக இருக்க வேண்டும். தாளில் இயற்கணிதம் பாதி என்றால் ஆங்கரிலும் பாதி. எளிது, நடுத்தரம், கடினம் எல்லாம் கலந்திருக்க வேண்டும். ஒரே பத்தியைப் படித்து விடையளிக்கும் ஐந்து வினாக்களை ஐந்து ஆங்கர் என்று எண்ணாதீர்கள். அந்தப் பத்தி வெளியே கசிந்தால் ஐந்தும் ஒன்றாகப் போய்விடும்.

சிலவற்றை நீங்கள் இழக்கத்தான் போகிறீர்கள். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

படி 5: சூழலை உறைய வையுங்கள்

வினா மாறாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ளவை மாறினால் எண் மாறும். இதற்குத் துறையில் எல்லோரும் சொல்லும் பாடம் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீடான நேப்பில் நடந்தது. 1986 வாசிப்புத் தேர்வில் 9 வயது, 17 வயது மாணவர்களின் சராசரி 1984-ஐவிட நம்ப முடியாத அளவுக்கு விழுந்தது. இரண்டே ஆண்டில் ஒரு நாட்டின் பிள்ளைகள் வாசிக்க மறந்துவிடுவார்களா? விசாரித்தபோது வினாக்களின் வரிசை, அவை எந்தத் தொகுப்புக்குள் வந்தன, கையேட்டின் அமைப்பு, நேரப் பங்கீடு என்று பல சின்ன மாற்றங்கள் ஒன்றுசேர்ந்திருந்தது தெரிந்தது. அதை உறுதிசெய்ய 1988-இல் பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். மாற்றத்தை அளக்க வேண்டுமென்றால் அளவையை மாற்றாதே என்ற வாசகம் அந்த ஆய்வோடு சேர்ந்து நிலைத்தது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஆங்கர் வினா முதலில் 12-ஆவதாக வந்திருந்தால் மறுமுறையும் அதே இடத்திலோ அதற்கு மிக அருகிலோ வையுங்கள். தாளின் கடைசிக்குத் தள்ளப்பட்ட வினா, களைப்பாலும் நேரமின்மையாலும் கடினமாகத் தெரியும். விருப்பங்களின் வரிசையை மாற்ற வேண்டாம். எழுத்துரு, பக்க முறிவு, மொத்த நேரம், கால்குலேட்டர் அனுமதி எல்லாம் அப்படியே இருக்கட்டும். தாளிலிருந்து கணினிக்கு மாறுகிறீர்கள் என்றால் அது தனி வேலை. இரண்டு வடிவத்தையும் தற்செயலாகப் பிரித்த இரு குழுக்களுக்குக் கொடுத்து, வடிவத்தால் வரும் வித்தியாசத்தை அளந்த பிறகே பழைய எண்களோடு இணைக்க வேண்டும். 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசா மதிப்பீடு 2015-இல் கணினிக்கு மாறியபோது, வடிவ மாற்றத்தின் தாக்கத்தை முன்கூட்டியே கள ஆய்வு வைத்துச் சோதித்தது இதனால்தான்.

கசிவையும் மறக்கக் கூடாது. 1994 இறுதியில், அமெரிக்காவில் மேற்படிப்புச் சேர்க்கைக்கான கணினி வழி ஜிஆர்இ தேர்வுக்குப் பயிற்சி நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களையே அனுப்பி, அவர்கள் வினாக்களை மனப்பாடம் செய்து வந்தது வெளிச்சத்துக்கு வந்தது. தேர்வு நாட்களையே குறைக்க வேண்டியதாயிற்று. சிறிய வினா வங்கியை அடிக்கடி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஒரு வினாவை எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் வெளியே விடலாம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒப்பிடும் முன் சில எளிய சோதனைகள்

விடைக்குறிப்பு சரியா, வினா அச்சில் முழுதாக வந்ததா, விடையளிக்காமல் விட்டவர் எத்தனை பேர், எந்த மையத்திலாவது தாள் மாறியதா என்று முதலில் பாருங்கள். நழுவல் மாதிரித் தெரியும் பல விஷயங்கள் தவறான விடைக்குறிப்பாகவே முடியும்.

படி 7: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இப்போது கணக்கு. எளிமைக்காக எட்டே ஆங்கர் வினாக்கள் உள்ள கற்பனை உதாரணம். சரியாக விடையளித்தோர் விகிதத்தை நேரடியாகக் கழிக்காமல் லாஜிட்டாக மாற்றிக்கொள்கிறோம். சரி விகிதத்தைத் தவறு விகிதத்தால் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் லாஜிட். 0.50-இலிருந்து 0.55-க்குப் போவதும் 0.90-இலிருந்து 0.95-க்குப் போவதும் ஒன்றல்ல என்பதால்தான் இந்த மாற்றம்.

| வினா | முதல் முறை | இரண்டாம் முறை | லாஜிட் மாற்றம் |
|---|---|---|---|
| 1 | 0.80 | 0.85 | 0.35 |
| 2 | 0.75 | 0.77 | 0.11 |
| 3 | 0.70 | 0.75 | 0.25 |
| 4 | 0.62 | 0.69 | 0.31 |
| 5 | 0.55 | 0.59 | 0.16 |
| 6 | 0.50 | 0.56 | 0.24 |
| 7 | 0.42 | 0.71 | 1.22 |
| 8 | 0.35 | 0.38 | 0.13 |

எல்லாமே ஏறியிருக்கின்றன. அது குழுவின் முன்னேற்றமாக இருக்கலாம். ஆனால் 7-ஆவது வினா கூட்டத்தைவிட்டுத் தனியாக ஓடுகிறது. கண்ணுக்கே தெரிகிறது என்றாலும், எண்ணாகச் சொல்ல வேண்டும். இதற்கு வசதியானது வலுவான இசட் மதிப்பு. வினாவின் மாற்றத்திலிருந்து எல்லா மாற்றங்களின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) கழித்து, அதைக் கால்மான இடைவீச்சின் (நடுவில் உள்ள பாதி மதிப்புகள் பரவியிருக்கும் அகலத்தின்) 0.74 மடங்கால் வகுக்க வேண்டும். இங்கே இடைநிலை 0.246, கால்மான இடைவீச்சு 0.183. வினா 7-க்கு 7.2 வருகிறது. மற்றவை எல்லாம், கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காவிட்டால், சுமார் 1-க்குள்ளேயே நிற்கின்றன. 1.645 அல்லது 1.96-ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம்.

சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஏன் பயன்படுத்தவில்லை? நழுவிய வினாவே சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதால். இந்த எட்டின் சராசரி மாற்றம் 0.35. வினா 7-ஐ எடுத்துவிட்டால் 0.22. ஒரே ஒரு கெட்ட வினாவால் குழுவின் முன்னேற்றம் ஒன்றரை மடங்காகத் தெரிகிறது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். இரு முறைக்கான லாஜிட்களின் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பது; முழுதாக ஒத்துப்போனால் 1) 0.95-க்குக் குறையாமலும், திட்ட விலக்கங்களின் விகிதம் 0.9-க்கும் 1.1-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். எட்டு வினாக்களுக்கும் சேர்த்து விகிதம் 0.98, அதாவது நல்ல பிள்ளை மாதிரித் தெரிகிறது. ஆனால் ஒட்டுறவு 0.86 மட்டுமே. வினா 7 போனதும் ஒட்டுறவு 0.99, விகிதம் 1.06. ஒரே ஒரு அளவுகோலை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ராஷ் மாதிரியில் கணக்கிடுகிறவர்கள், கடினநிலை 0.3 லாஜிட்டுக்கு மேல் இடம்பெயர்ந்த வினாக்களைக் கவனிப்பது வழக்கம். சிலர் 0.5 வைக்கிறார்கள். எந்த வரம்பாக இருந்தாலும் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவுகளைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால், நமக்குப் பிடித்த விடை வரும்வரை நகர்த்தத் தோன்றும்.

படி 8: காரணத்தைத் தேடுங்கள்

இங்கேதான் அவசரம் கூடாது. எண் சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். வினா 7-க்கு மாணவர்களை மொத்த மதிப்பெண்படி நான்காகப் பிரித்துப் பாருங்கள். முதல் முறை கடைசிக் கால்பகுதியில் 18 சதவீதமும் முதல் கால்பகுதியில் 74 சதவீதமும் சரியாக எழுதியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடைசிக் கால்பகுதியில் 64, முதல் கால்பகுதியில் 80. மேலே இருப்பவர்களிடம் பெரிய மாற்றமில்லை, கீழே இருப்பவர்கள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறார்கள். வேறுபடுத்தும் திறன் சரிந்துவிட்டது. கணினித் தேர்வில் இவர்களே வினாவைப் படிக்கும் நேரத்துக்கும் குறைவாக எடுத்துச் சரியான விடையைத் தொட்டிருந்தால், வினா கசிந்திருப்பதற்கான வலுவான அறிகுறி அது. ஒரே மையத்தில் மட்டும் இப்படியா, எல்லா இடத்திலுமா என்றும் பாருங்கள்.

இதற்கு மாறாக எல்லாக் கால்பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறி, அதே பாடப்பகுதியின் மற்ற வினாக்களும் கூடவே ஏறியிருந்தால் கதை வேறு. பாடத்திட்டத்தில் அந்தப் பகுதிக்கு நேரம் கூட்டியிருக்கலாம், கற்பிக்கும் முறை மாறியிருக்கலாம். அது உண்மையான கற்றல். அந்த வினாக்களை நழுவியவை என்று தூக்கினால், ஆசிரியர்களும் மாணவர்களும் உழைத்துப் பெற்ற முன்னேற்றத்தையே கணக்கிலிருந்து அழித்துவிடுவோம். எண்கள் இதை நமக்குப் பிரித்துச் சொல்லாது. பாடம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து வினாவைப் படித்துப் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு காரணமும் உண்டு: செய்திகளில் அடிபட்ட ஒரு விஷயம் வினாவை எளிதாக்கிவிடும், வழக்கொழிந்த ஒரு பொருளைப் பற்றிய வினா கடினமாகிவிடும்.

படி 9: முடிவெடுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. வினாவை ஆங்கராகவே வைத்துக்கொள்ளலாம். ஆங்கர் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுப் புதிய வினாவைப் போலக் கடினநிலையை மறுபடி மதிப்பிடலாம். மதிப்பெண்ணிலிருந்தே நீக்கலாம். பெரும்பாலான சமயம் இரண்டாவதுதான் சரி. ஆங்கராக இருக்கத் தகுதியிழந்த வினா, மதிப்பெண் தர இன்னும் தகுதியோடு இருக்கலாம். கசிந்தது உறுதி என்றால், அல்லது விடையே தவறு என்றால் மட்டும் மூன்றாவது.

ஒன்றை நீக்கியதும் மறுபடி கணக்குப் போடுங்கள். பெரிய நழுவலின் நிழலில் ஒளிந்திருந்த இன்னொன்று இப்போது தெரியலாம். முதலில் குற்றவாளியாகத் தெரிந்த ஒன்று நிரபராதி ஆகலாம். அதோடு, மிச்சமிருக்கும் ஆங்கர் இன்னும் முழுத் தாளின் சின்ன உருவமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வடிவியல் வினாக்கள் எல்லாம் போய்விட்டன என்றால், எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இணைப்பு ஊனம்தான்.

படி 10: இணைப்பு

இரண்டு தேர்வின் எண்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதுதான் இணைப்பு. ராஷ் என்றால் மிஞ்சிய ஆங்கர் வினாக்களின் சராசரி மாற்றத்தை எல்லா வினாக்களுக்கும் சேர்த்தால் போதும். வேறுபடுத்தும் திறனும் உள்ள மாதிரிகளுக்கு, தனித்தனி எண்களுக்குப் பதில், திறமைக்கேற்ப எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைக் காட்டும் முழு வளைகோடுகளையே பொருத்தும் ஸ்டாக்கிங்–லார்டு முறை (1983) பரவலாகப் பயன்படுகிறது. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் இதற்கெல்லாம் இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன. நழுவிய வினாவோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை என இரண்டு தடவையும் இணைத்து, எத்தனை பேரின் தேர்ச்சி முடிவு மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முடிவெடுக்கும் குழுவுக்கு லாஜிட்டைவிட அந்த எண்தான் சட்டென்று புரியும்.

எழுத்து விடைகள் இருந்தால்

கட்டுரை, விரிவான விடை என்றால் வினா அப்படியே இருக்க, திருத்துபவரின் கை தாராளமாகலாம், இறுகலாம். அதை வினாவின் நழுவலாக எண்ணி ஏமாறக் கூடாது. போன முறையின் விடைத்தாள்கள் சிலவற்றை, எந்த ஆண்டுடையவை என்று தெரியாதபடி இந்த முறைத் தாள்களோடு கலந்து கொடுங்கள். பழைய மதிப்பெண்ணும் புதிய மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், கணக்கைத் தொடும் முன் திருத்துபவர்களுக்கு மறுபயிற்சி தேவை. டிம்ஸ் (கணிதம், அறிவியலுக்கான பன்னாட்டு மதிப்பீடு) போன்ற பெரிய மதிப்பீடுகள் இதை வழக்கமாகவே செய்கின்றன.

சிறிய தேர்வு நடத்துபவர்களுக்கு

60 பேர், 80 பேர் எழுதும் தேர்வில் சிக்கலான மாதிரிகள் பயன்படாது. விகிதங்களை லாஜிட்டாக்கி இடைநிலையோடு ஒப்பிடும் மேலே சொன்ன அட்டவணையே போதும். அதிலும் மிகப் பெரிய விலகல்களை மட்டும் நம்புங்கள். மூன்று நான்கு தேர்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தால் நம்பகம் கூடும். சூழலை உறைய வைப்பதும் அட்டை வைப்பதும் செலவில்லாதவை. ஆள் குறைந்த தேர்வுக்கு அவைதான் பெரிய பாதுகாப்பு.

படி 11: நீண்ட காலக் கண்காணிப்பு

ஒவ்வொரு முறையும் 0.1 லாஜிட் மட்டும் எளிதாகும் வினா எந்த வரம்பையும் தாண்டாது. ஐந்து தேர்வுகளில் அது 0.5 ஆகிவிடும். அதனால் போன தேர்வோடு மட்டும் அல்லாமல் முதல் மதிப்பீட்டோடும் ஒப்பிடுங்கள். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காக 1954-இல் உருவான க்யூசம் வரைபடம் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு தேர்விலும் வரும் சின்ன விலகலைக் கூட்டிக்கொண்டே போய், குவிந்த தொகை வரம்பைத் தொட்டதும் மணியடிக்கும்.

ஓய்வு கொடுக்க வேண்டிய வினாவை அழித்துவிடாதீர்கள். அட்டையில் கடைசியாகப் பயன்படுத்திய தேர்வு, அப்போதைய கடினநிலை, நீக்கிய காரணம், முடிவெடுத்தவர்கள் யார் என்று எழுதி வங்கியிலேயே தனியாக வையுங்கள். அதே பாடப்பகுதியிலிருந்து, ஏறத்தாழ அதே கடினத்தில் ஒரு புதிய வினாவை அடுத்த தேர்வில் மதிப்பெண் சேராத வினாவாகச் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் அதற்கடுத்த முறை ஆங்கர் பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்காது.